திசைவிரதமும் திருமண அழைப்பும்

இல்லறத்தார்க்கு உரிய விரதங்கள் 12 என்பதை நம் குழந்தைகளும் அறிவர். அணுவிரதம் 5, குணவிரதம் 3, சிட்சாவிரதம் 4. இவற்றுள் கொல்லாமை, பொய்யாமை முதலியவற்றை நாம் அடிக்கடி பேசுகிறோம். குணவிரதங்களுள் முதலாவதாகிய திசைவிரதத்தைப் பேசுவோர் அரியர். கால்நடையாகவும் மாட்டுவண்டியிலும் சென்ற காலத்தவர்க்கு உரியது அது என்று எண்ணிவிட்டோம் போலும். அவ்வெண்ணம் பிழை என்பதை அண்மையில் நிகழ்ந்த ஒன்று நமக்கு உணர்த்திற்று.

காரைக்காலில் வாழும் நம் சமயத்தவர் ஒருவர். அவருடைய தங்கை மகளுக்குப் பாரிசு நகரில் திருமணம். அவ்வூரில் இத்தகைய அழைப்பு புதிதன்று. 1739 முதல் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காரைக்கால், 1954 நவம்பர் 1 அன்று இந்தியாவின் நிருவாகத்தில் வந்தது. 1962 ஆகஸ்டு 16 அன்று சட்டப்படியும் இணைந்தது. அப்போது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தோர் பலர். ஆகவே அங்கே கடல்கடந்த உறவு இல்லாத தெருவைக் காண்பது அரிது. தாய்மாமன் இல்லாமல் மணம் எவ்வாறு நிறைவுறும்? கணவனும் மனைவியும் புறப்பட முடிவு செய்தனர். அன்று மாலையே இலண்டனில் நண்பர் மகன் திருமணமும், சிங்கப்பூரில் பழைய அண்டை வீட்டார் இல்லத் திருமணமும் நினைவுக்கு வந்தன. “போகிற வழிதானே” என்றார் கணவர். மூன்று நாடுகள், மூன்று திருமணங்கள் என ஒரே இரவில் பயணம் உறுதியாயிற்று.

திரும்பி வந்தபின் அம்மையார் நம்மிடம் ஒரு வினா எழுப்பினார். இளமையில் அவர் திசைவிரதம் ஏற்றவர். வடக்கே சம்மேதசிகரம், மேற்கே கிர்னார், தெற்கே குமரி, கிழக்கே கடல் என்பன எல்லைகள். “அரசலாறு கலக்கும் அந்தக் கடலை நாள்தோறும் மாலையில் பார்க்கிறேன். அதுவே என் எல்லை என்பதை மறந்தேன். என் விரதம் கெட்டதா?” என்றார்.

சமந்தபத்திரர் அருளிய இரத்தினகரண்டகம், கடல், ஆறு, காடு, மலை, நாடு, யோசனை ஆகியவற்றை எல்லைக்கு அடையாளமாகக் கூறுகிறது. அதன் வழிவந்த தமிழ்நூலே நம் அருங்கலச்செப்பு. எல்லைக்கு அப்பால் நுண்ணிய தீவினையும் நிகழாமையால், அங்கே இல்லறத்தானின் அணுவிரதமும் மகாவிரதத் தன்மை பெறும் என்பது ஆசாரியர் கருத்து. தொலைவு பாவமன்று. நம் ஆசை செல்லாத இடம் ஒன்று உலகில் இருக்க வேண்டும் என்பதே இவ்விரதத்தின் உயிர்.

இதன் அதிசாரங்கள் 5. மேலே கடத்தல், கீழே கடத்தல், பக்கவாட்டில் கடத்தல், எல்லையை விரித்தல், எல்லையை மறத்தல். அம்மையார்க்கு நேர்ந்தது கடைசிக் குற்றம். கணவர் கூறிய “போகிற வழிதானே” என்பதோ நான்காவதை ஒத்தது. ஐரோப்பாவிலிருந்து சென்னைக்கு வரும் வழியில் சிங்கப்பூர் இல்லை; அது சென்னைக்கும் கிழக்கே, கடலுக்கு அப்பால் உள்ளது. வழியில் இல்லாத ஊரையும் வழியாக்கிக் கொள்வது மனத்தின் இயல்பு.

பயணமே தவறு என்று நாம் கூற வரவில்லை. காரைக்காலுக்கு வடக்கே, அதே கரையில் உள்ள புகாரிலிருந்து ஒரு தம்பதியர் மதுரைக்கு நடந்ததைச் சிலப்பதிகாரம் கூறும். கவுந்தியடிகளும் அவர்களுடன் சென்றார். வயல்வழியே சென்றால் நண்டும் நத்தையும் காலடியில் பட்டு வருந்தும் என்பதை முன்னரே எண்ணி உரைத்தார். அடி வைக்குமுன் எண்ணிப் பார்ப்பதே அவர் காட்டிய நெறி.

அந்நெறியில் நின்று இம்மூன்று திருமணங்களையும் நோக்குவோம். தங்கை மகள் திருமணத்தில் தாய்மாமனுக்குக் கடமை உண்டு. கணவர் மட்டும் சென்றிருக்கலாம். அல்லது அம்மையார் குருவிடம் முன்னரே உரைத்து வழி கேட்டிருக்கலாம். மற்ற இரண்டும் அத்தகையன அல்ல. அங்கே மணமக்களை வாழ்த்தச் சென்றோமா, ஊர்களைக் காணத் திருமணத்தைக் காரணமாக்கினோமா என்று அவரவர் நெஞ்சே கூற வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. அதே திங்களில் தீபங்குடிப் பக்கத்தில் ஏழை உறவினர் ஒருவர் மகளுக்குத் திருமணம். மஞ்சள் தடவிய கடிதம் வந்திருந்தது. காரைக்காலிலிருந்து ஒரே பகலில் சென்று திரும்பும் தொலைவு. பயண ஏற்பாடுகளின் நெருக்கடியில் மொய்ப்பணம் மட்டும் ஒருவர் கையில் சென்றது. இதைக் கூறும்போதே அம்மையார் கண் கலங்கினார். எல்லையைக் கடந்ததைவிட, எல்லைக்குள் இருந்த கடமை விடுபட்டதே அவரை வருத்தியது. அவரைக் குறைகூற நமக்குத் தகுதியில்லை. எளிய வீட்டு அழைப்பைப் பிறர் கையில் மொய் அனுப்பித் தீர்த்துக்கொள்ளும் வழக்கம் நம் எல்லோரிடமும் உண்டு.

அம்மையார்க்கு நாம் கூறியது இது. மறதியால் நேர்ந்தது அதிசாரம். விரதம் அடியோடு அழிந்துவிடவில்லை. குருவின்முன் குற்றத்தை உரைத்துக் கழுவாய் ஏற்று, எல்லையை மீண்டும் உறுதி செய்க. தேசாவகாசிகம் என்னும் விரதத்தால் அவ்வெல்லையை நாள்தோறும், திங்கள்தோறும் சுருக்கிப் பழகுக.

இனி விரதம் ஏற்போர்க்கு ஒரு சொல். கடல்கடந்து மக்கள் வாழும் குடும்பத்தினர் அதையும் எண்ணியே எல்லை வகுக்கலாம். ஆயின் அழைப்பு வருமுன் வகுக்க வேண்டும். வந்தபின் வகுப்பது எல்லையாகாது. சென்ற இடத்திலும் இரவுண்ணாமை மறவற்க. பாரிசில் சூன் திங்களில் இரவு பத்து மணியை ஒட்டியே கதிரவன் மறைவான். திசம்பரில் மாலை ஐந்துக்கு முன்னரே மறைந்துவிடுவான். கடிகாரத்தை நம்பினால் விரதம் தவறும்; வானத்தைப் பார்த்து உண்பவர்க்குத் தவறாது.

சென்ற வாரம் அவ்விருவரும் தீபங்குடி சென்று ஆதிநாதரை வணங்கி, அப்புதுமணத் தம்பதியர் வீட்டிலும் ஒருபொழுது உண்டு வந்தனர். அந்த ஊர், மெய்யாகவே அவர்கள் போகிற வழியில்தான் இருந்தது.

வளர்க அறம்.