விற்ற வண்டியும் விலகாத பொறுப்பும்

ஓசூர் சிப்காட்டில் வேலை பார்க்கும் ஒருவர் தம் ஸ்கூட்டரை விற்றுவிடுகிறார். சில மாதங்கள் கழித்து அவருடைய கைப்பேசிக்கு ஒரு செய்தி வருகிறது: அந்த வண்டியின் ஒரு பாகத்தில் குறை இருக்கக்கூடும், கொண்டு வந்தால் இலவசமாகச் சரிசெய்து தருகிறோம் என்று. வண்டியோ எல்லைக்கு அப்பால் அத்திப்பள்ளியில் வேறொருவரிடம் ஓடிக்கொண்டிருக்கிறது. "விற்றாயிற்று, பணமும் வாங்கியாயிற்று, இனி நமக்கென்ன?" என்று அவர் செய்தியை அழித்துவிடலாமா? மார்க்கத்தின் கண்கொண்டு இதைச் சற்றுப் பார்ப்போம்.

இத்தகைய அறிவிப்புகள் நம் பகுதிக்குப் புதியவை அல்ல. ஓசூரில் தயாராகும் டி.வி.எஸ். ஐக்யூப் மின்சார ஸ்கூட்டர்களில், 2023 ஜூலை 10 முதல் செப்டம்பர் 9 வரை செய்யப்பட்டவற்றின் 'பிரிட்ஜ் டியூப்' என்னும் பாகத்தைச் செலவின்றிப் பரிசோதித்துத் தருவதாக அந்நிறுவனம் 2024இல் அறிவித்தது. போச்சம்பள்ளியில் ஆலை வைத்திருக்கும் ஓலா நிறுவனம், புனேயில் ஒரு வண்டி தீப்பற்றிய பின், 2022 ஏப்ரலில் 1,441 ஸ்கூட்டர்களைப் பரிசோதனைக்குத் திரும்ப அழைத்தது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின், மோட்டார் வாகனச் சட்டப்படி அரசே அவ்வாறு உத்தரவிடவும் முடியும்.

செய்து விற்றவருடைய கடமையில் ஐயமில்லை. தானியக் குவியலுக்குள் கைவிட்டு ஈரத்தைக் கண்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைக்காத வியாபாரியைக் கண்டித்ததை நாம் சிறு வயதிலேயே ஓதியிருக்கிறோம். ஆனால் விற்ற பிறகல்லவா இங்கே குறை தெரிய வருகிறது?

இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் கூஃபாவில் துணி வியாபாரம் செய்தவர்கள். குறையுள்ள ஒரு துணியைத் தம் கூட்டாளியிடம் அனுப்பும்போது, குறையைச் சொல்லியே விற்க வேண்டுமென்று கூறியனுப்பினார்கள். கூட்டாளி மறந்துபோய்ச் சொல்லாமல் விற்றுவிட்டார். வாங்கியவர் யாரென்றும் தெரியவில்லை. இமாமவர்கள் அந்தச் சரக்கின் கிரயம் முழுவதையும் தர்மம் செய்துவிட்டார்கள். வியாபாரம் முடிந்ததோடு பொறுப்பும் முடிந்தது என்று அவர்கள் எண்ணவில்லை. வாங்கியவரைத் தேடிப் பிடிக்க வழியில்லாததால்தான் தர்மம். இன்றைய ஆலையிடமோ ஒவ்வொரு வண்டியின் சேஸிஸ் எண்ணும், முதலில் வாங்கியவரின் பெயரும் இருக்கின்றன.

அந்த முதற் பெயர்தான் நம் சிற்றூழியரின் பெயர். ஆகவே, குறையைப் பற்றிய செய்தி இப்போது அவர் கையில் ஒரு அமானிதம். அதற்கு உரியவர் வண்டியை வைத்திருப்பவர். அவரிடம் சேர்க்காமல் அழிப்பது, பிறர் பெயருக்கு வந்த கடிதத்தைக் கிழிப்பது போன்றதே.

இனி, வண்டி இன்னும் நம்மிடமே இருக்கிறதென்று வைத்துக்கொள்வோம். ஷிஃப்ட் வேலைக்காரருக்கு ஒர்க்ஷாப் போவதென்றால் அரை நாள் கூலி நஷ்டம்தான். அதை நாம் சிறிதாக எண்ணவில்லை. "இதுவரை ஒன்றும் ஆகவில்லையே, அல்லாஹ் காப்பான்" என்பாரும் உண்டு. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கும்படியல்லவா நமக்குச் சொல்லப்பட்டிருக்கிறது! இன்னும் சிலர், குறையைச் சொல்லி விலையைக் குறைத்து விற்றுவிட்டால் போதுமே என்பர். வாங்குபவர் அறிந்து பொருந்திக்கொண்டால் வியாபாரம் கூடிவிடும். துணியில் உள்ள ஐபுக்கு அது போதும். பின்னால் அமரும் மனைவியும் மடியிலுள்ள குழந்தையும் எதற்குப் பொருந்தினார்கள்? 2022 மார்ச்சில் வேலூரில், மின்சார ஸ்கூட்டரை இரவில் சார்ஜில் போட்டுவிட்டு உறங்கிய தந்தையும் மகளும் தீப்புகையில் இறந்தார்கள். அடுத்த மாதம் அந்த வண்டியைச் செய்த நிறுவனம் பேட்டரிக் குறைகளைச் சரிசெய்ய 3,215 வண்டிகளைத் திரும்ப அழைத்தது. அந்தத் தீயின் காரணத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது நம் வேலையன்று. ஆனால், குறை ஒருவருடைய பொருளில் இருந்தாலும் ஆபத்து அவரோடு நிற்பதில்லை. ஆதலால், சரிசெய்த பின்பே விற்பதுதான் நம் கருத்தில் பேணுதலானது.

எல்லையோரத்தில் இன்னொரு வழக்கம் இருக்கிறது. தமிழ்நாட்டு எண்ணுள்ள வண்டியைக் கர்நாடகத்தில் இருப்பவருக்கு விற்று, தடையில்லாச் சான்றும் பெயர் மாற்றமும் செய்யாமல், வெறும் கையெழுத்தோடு கொடுத்துவிடுவது. அலைச்சல் மிச்சம் என்று இருவருமே மகிழ்கிறார்கள். பிறகு வரும் எந்த எச்சரிக்கையும் பழைய பெயருக்கே வரும். வண்டியை ஓட்டுபவருக்குத் தெரியாது. ஆகவே போக்குவரத்து அலுவலகத்திற்கு ஒரு நடை போவதும் விற்பவரின் கடமைதான். விட்டுப்போயிருந்தால், ஷோரூமில் வண்டி கைமாறியதைச் சொல்லி, வாங்கியவரின் தொலைபேசி எண்ணை அவருடைய சம்மதத்தோடு பதிந்துவிட்டு வரலாம். வாங்கியவருக்கும் அன்றே ஒரு வார்த்தை சொல்லிவிடலாம்.