மாச் சேவலும் கிணற்றடிச் சேவலும்

யசோதர காவியத்தின் கதையை அறியாதார் நம் இல்லங்களில் இலர். உயிர்ப்பலி இடேன் என்று உறுதி கூறிய மன்னன் யசோதரன், தாய் சந்திரமதியின் வற்புறுத்தலுக்கு இணங்கி, மாவினால் ஒரு சேவல் செய்து சண்டமாரியின் முன் வெட்டினான். வெட்டுண்டது மாவே. ஆயினும் வெட்டியவனும் வெட்டச் சொன்னவளும் விலங்காகவும் பறவையாகவும் பல பிறவிகள் எடுத்து உழன்றனர். இறுதியில் அவர்களே சேவலும் பெட்டையுமாகப் பிறந்து, அறவுரை கேட்டு மகிழ்ந்து கூவிய வேளையில் அரசனின் அம்புக்கு இரையாயினர். அதன் பின்னரே அபயருசி, அபயமதி என்னும் மக்கட் பிறப்பு அவர்களுக்கு வாய்த்தது.

இக்கதையை நாம் மாணவியர்க்குச் சொல்லியிருக்கிறோம். பின்னர்ப் பேரக் குழந்தைகளுக்கும் சொல்லியிருக்கிறோம். வினையைக் கட்டுவது கை அன்று, எண்ணமே என்று விளக்கி முடிப்பது வழக்கம். அவ்விளக்கத்தின் மறுபுறத்தை நாம் ஒரு நாளும் புரட்டிப் பார்த்ததில்லை. கொல்லும் எண்ணத்தோடு மாவை வெட்டினால் அது கொலை. அப்படியானால், துன்பம் தீர்க்கும் எண்ணத்தோடு உயிரை முடித்தால் அது கொலை ஆகாதா? இரண்டு ஆண்டுகளுக்கு முன் பெரம்பூரில், நம் வீட்டுக் கிணற்றடியில், இவ்வினா ஒரு வெள்ளைச் சேவலின் வடிவில் நம்முன் வந்து படுத்துக்கொண்டது.

பேப்பர் மில்ஸ் சாலையில் ஒருவர் கூடையில் வைத்து விற்ற கலர்க் கோழிக்குஞ்சுகளுள் ஒன்றைப் பெயரன் வாங்கி வந்திருந்தான். முட்டைக்காகக் கோழி வளர்க்கும் தொழிலில் சேவற்குஞ்சுக்கு வேலை இல்லை. பொரித்த அன்றே பிரித்து எறியப்படும் குஞ்சுகளில் சில இவ்வாறு சாயம் பூசப்பட்டுத் தெருவுக்கு வருகின்றன. கோழி வளர்ப்பது நம் வீட்டு வழக்கம் அன்று. ஆயினும், வந்த உயிரைத் துரத்த மனம் வரவில்லை. இளஞ்சிவப்புச் சாயம் உதிர்ந்து, வெள்ளை இறகு முளைத்து, எட்டு மாதத்தில் அது கம்பீரமான சேவலாயிற்று. பெயரன் அதற்கு வெள்ளையன் என்று பெயரிட்டான்.

ஒரு நாள் அது தீனி எடுக்கவில்லை. மறுநாள் வெண்மையும் பச்சையுமாகக் கழிந்தது. வாயைத் திறந்து மூச்சு வாங்கியது. மூன்றாம் நாள் கழுத்து முறுக்கிக்கொண்டு தலை முதுகின்மேல் சாய்ந்தது. ஒரு காலும் ஒரு சிறகும் செயலற்றுப் போயின. கால்நடை மருத்துவர் பார்த்தவுடன் வெள்ளைக் கழிச்சல் என்றார். குமாயூன் மலையிலுள்ள ராணிக்கேட் நகரின் பெயரால் இந்நாட்டிலும், இங்கிலாந்தின் நியூகாசில் நகரின் பெயரால் பிற நாடுகளிலும் வழங்கும் நோய் இது. நோய் கண்டபின் இதனைத் தீர்க்கும் மருந்து கிடையாது. “கஷ்டப்படாமல் போக ஓர் ஊசி உண்டு அம்மா, நீங்கள்தான் சொல்ல வேண்டும்” என்றார் அவர். அவர் பேச்சில் கடுமை எதுவும் இல்லை.

பக்கத்து வீட்டு அம்மையார் நெடுங்காலமாகக் கோழி வளர்ப்பவர். அவர் வந்து பார்த்தார். “டீச்சரம்மா, இது பொழைக்காது. என் கையில குடுங்க, ஒரு நிமிஷத்துல முடிச்சிடறேன். ஏம்மா போட்டு வதைக்கிறீங்க?” என்றார். வதைப்பவர் நாமா என்று ஒரு கணம் திகைத்தோம். இரண்டையும் மறுத்துவிட்டோம்.

இவ்வினாவை நாடறிய எழுப்பியவர் காந்தியடிகள். 1928 ஆம் ஆண்டில் சபர்மதி ஆசிரமத்துக் கன்றுக்குட்டி ஒன்று ஊனமுற்றுத் தாங்கொணா வேதனையில் கிடந்தது. மருத்துவர் கைவிட்டார். புரண்டு படுக்கவும் அதனால் இயலவில்லை. உயிரை ஆக்க இயலாதவனுக்கு அதனை அழிக்கும் உரிமை இல்லை என்று ஆசிரமத்தில் ஒருவர் வாதிட்டார். காந்தியடிகள் அவ்வாதத்தைக் கேட்டபின்னரும் தம் முன்னிலையிலேயே நச்சு ஊசி போடச் செய்தார். இரண்டு நிமிடத்திற்குள் எல்லாம் முடிந்தது. அவ்வாண்டு செப்டம்பர் இறுதியில் நவஜீவனிலும், அக்டோபர் தொடக்கத்தில் யங் இந்தியாவிலும் அதனை அவரே எழுதி வெளியிட்டார். சினந்த கடிதங்கள் வந்து குவிந்தன. ஸ்ரீமத் ராஜசந்திரரைத் தம் வழிகாட்டிகளுள் ஒருவராகப் போற்றியவர் இவ்வாறு செய்தாரே என்பது நம்மவர் பலரின் வேதனை.

அவர் சொன்ன நியாயம் எளிதில் தள்ளத்தக்கது அன்று. அறுவை மருத்துவர் கத்தி எடுப்பது இம்சை ஆகாததுபோல், துன்புறும் உயிரின் நன்மை ஒன்றையே கருதிச் செய்வதும் இம்சை ஆகாது என்றார். பயிரை அழிக்கும் குரங்கைக் கொல்வதை இதனோடு சேர்க்க அவர் ஒப்பவில்லை. அது குரங்கின் நன்மைக்கு அன்று, நம் நன்மைக்கு என்றார். அவ்விவாதத்தினூடே நான்கு நிபந்தனைகளையும் வகுத்தார். நோய் தீராததாக இருத்தல் வேண்டும். சூழ்ந்தோர் அனைவரும் நம்பிக்கை இழந்திருத்தல் வேண்டும். எப்பணிவிடையும் பயன்படாத நிலை வேண்டும். தன் விருப்பத்தைச் சொல்ல நோயுற்ற உயிருக்கு இயலாதிருத்தல் வேண்டும். ஒன்று குறைந்தாலும் கூடாது.

நம் மனம் இடறுவது அந்நான்காவதில்தான். விருப்பத்தைச் சொல்ல முடியாத உயிருக்காக நாம் முடிவெடுக்கலாம் என்கிறார் அவர். சொல்ல முடியாமை அல்லவா நம் கையைத் தடுக்க வேண்டும்? சல்லேகனை நோற்போர் தாமே உணர்ந்து, தாமே உரைத்து, ஆசிரியரின் இசைவோடு மேற்கொள்கின்றனர். 2015 ஆகஸ்டில் இராஜஸ்தான் உயர் நீதிமன்றம் அதனைத் தற்கொலை எனத் தீர்ப்பளித்தபோதும், அம்மாத இறுதியிலேயே உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்தி வைத்தபோதும், நாம் எடுத்துரைத்தது அத்தன்னுரிமையைத்தான். வெள்ளையன் எதை உரைத்தது? கழுத்து முறுகிக் கிடந்த மூன்றாம் நாளிலும், சொட்டுக் குழாயால் நீர் விட்டால் அலகைத் திறந்தது. அது வாழும் விருப்பமா, தொண்டையின் வறட்சியா என்று யார் சொல்ல வல்லார்?

நம் ஆசாரியர்கள் இதனை எண்ணாமல் விட்டவர்கள் அல்லர். அமிர்தசந்திர சூரி தம் புருஷார்த்த சித்தியுபாயத்தில், மிகு துன்பத்தில் கிடக்கும் உயிரைக் கொன்றால் அது விரைவில் துன்பம் நீங்கும் என்னும் எண்ணத்தைக் கையில் ஏந்திய வாளாகவே காண்கிறார். அவ்வாளால் துன்புறும் உயிரையும் கொல்லலாகாது என விலக்குகிறார். உடல் வீழ்ந்தால் வினை வீழாது. எஞ்சிய வினை அடுத்த உடலைத் தேடிச் செல்லும். துன்பத்தை முடித்தோம் என்று நாம் நினைப்பது, பார்வைக்கு அப்பால் அதனை அனுப்பி வைத்தது மட்டுமாகவும் இருக்கலாம்.

இதனைப் பெயரனுக்கு விளக்கியபோது அவன் விடவில்லை. “வினையை அது அனுபவித்தே தீர வேண்டுமென்றால் நீங்கள் தண்ணீர் விடுவது ஏன், பாட்டி? அதுவும் தடைதானே?” என்று கேட்டான். ஆசிரியப் பயிற்சியில், விடை தெரியாத வினாவை மாணவரிடமே திருப்பிவிடும் உத்தி ஒன்றைக் கற்பித்தார்கள். அன்று அது கைகொடுக்கவில்லை. சற்றுப் பொறுத்துச் சீவக சிந்தாமணியை நினைவூட்டினோம். அந்தணரின் உணவைத் தீண்டியதற்காக அடியுண்டு கிடந்த நாயைச் சீவகன் கண்டான். அதன் வேதனையை முடிக்க அவன் வாளை உருவவில்லை; கடந்து போகவும் இல்லை. அருகமர்ந்து அதன் செவியில் பஞ்ச நமஸ்காரத்தை ஓதினான். அந்நாய் சுதஞ்சணன் என்னும் தேவனாயிற்று. துயரில் கலங்கிய சிந்தையோடு இறப்பது ஆர்த்தத் தியானம். அது கீழ்ப்பிறவிக்கு இழுக்கும். நீரும் நிழலும் மந்திரமும் அக்கலக்கத்தைத் தணிப்பதற்கே. நோவு தணிக்கும் மருந்தையும் அவ்வாறே கருதலாம் என்பது நம் துணிபு. தில்லிச் செங்கோட்டையின் எதிரே லால் மந்திரில் நம்மவர் நடத்தும் பறவை மருத்துவமனையும், இங்கே அயனாவரம் கொன்னூர் நெடுஞ்சாலையிலுள்ள பிஞ்சிராப்போலும் இவ்வழியில் வந்தவையே.

இத்துடன் நிறுத்தினால் கட்டுரை அழகாக முடியும். ஆனால் நான்காம் இரவைச் சொல்லாமல் விடுவது பொய்யாகும்.

அவ்விரவு வெள்ளையனுக்கு வலிப்புக் கண்டது. சிறகு தரையில் அடித்துக்கொண்டே இருந்தது. ஓதினோம், நீர் விட்டோம், துணியால் அணைத்துப் பிடித்தோம். இரண்டு மணிக்கு மேல், இது சீக்கிரம் செத்துவிடக் கூடாதா என்று நினைத்தோம். ஒரு முறை அன்று, பலமுறை. மாவை வெட்டிய மன்னனுக்கு எண்ணமே வினையாயிற்று என்று கற்பித்த நாம், அந்நேரம் எங்கே நின்றோம்? ஊசியை மறுத்துக் கையைத் தூயதாக வைத்துக்கொண்டோம். மனம் அக்கையோடு இல்லை. அவ்விருப்பம் அதன் துயரம் கண்டு எழுந்ததா, நம் உறக்கமின்மையால் எழுந்ததா என்று இன்றளவும் பிரித்தறிய முடியவில்லை. பக்கத்து வீட்டு அம்மையாரை இரக்கமற்றவர் என்று சொல்ல அன்று முதல் நமக்கு வாய் வரவில்லை. விடியுமுன் அது அடங்கிற்று.

குழியில் சுண்ணாம்பு தூவிப் புதைக்கும்படி மருத்துவர் சொல்லியிருந்தார், அவ்வாறே செய்தோம். அவர் கேட்ட இன்னொன்றுதான் ஊசியை விட ஆழமாகத் தைத்தது. “தடுப்பூசி போட்டீர்களா?” போடவில்லை. குஞ்சுப் பருவத்தில் சொட்டு மருந்து, எட்டு வாரத்தில் ஊசி. அரசு கால்நடை மருந்தகங்களில் இடுகிறார்கள். ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நோய்த் தடுப்பு நடத்திய நாம், கிணற்றடியில் இருந்த உயிருக்கு அதனை எண்ணவே இல்லை. தத்துவார்த்த சூத்திரம் இம்சைக்கு இலக்கணம் கூறும்போது பிரமாதம், அதாவது விழிப்பின்மை, என்பதையே முதலில் வைக்கிறது. ஊசி போட்டு முடிப்பதா வேண்டாவா என்று கடைசி நான்கு நாட்கள் தத்துவம் பேசினோம். அதற்கு முந்திய எட்டு மாதங்களில் நம் விழிப்பின்மை தன் வேலையை முடித்துவிட்டிருந்தது.

அதிலும் ஒரு முள் உண்டு. அத்தடுப்பு மருந்துக்குரிய நச்சுயிரியைக் கருவுற்ற கோழி முட்டைகளில்தான் வளர்க்கிறார்கள். இதனைப் பின்னர்ப் படித்தறிந்தோம். ஒன்றைக் காக்க மற்றொன்றின் கரு. இல்லறத்தார்க்கு முற்றும் குற்றமற்ற வழி இல்லை என்று சாவக நெறி நூல்கள் ஒப்புக்கொள்வது நமக்கு ஆறுதலா எச்சரிக்கையா என்று தெரியவில்லை. நாம் தடுப்பூசியின் பக்கமே சாய்கிறோம். சாய்ந்தபின்னும் அது உறுத்துகிறது.

அடுத்த பிப்ரவரியில் கோழிக் கழிச்சல் தடுப்பூசி முகாம் வந்தது. நம் வீட்டில் கோழி இல்லை. பக்கத்து வீட்டு அம்மையாரிடம் ஏழு இருந்தன. அவற்றுள் சில கறிக்குத்தான் போகும் என்று நாம் அறிவோம்; அதுபற்றி அவரிடம் பேசியும் இருக்கிறோம், அவர் சிரித்துக்கொண்டார். கூடையின் ஒரு பக்கத்தை அவர் பிடிக்க, மறுபக்கத்தை நாம் பிடித்துக்கொண்டு நடந்தோம். வழியெல்லாம் அவை கூச்சலிட்டன.