கூட்டு வடிவமைப்பும் பொறுப்பும்

பலர் கூடி ஒரு பொருளை வடிவமைக்கும்போது அதன் குறைக்கு விடைகூற வேண்டியவர் யார்? கூட்டு வடிவமைப்பு முறைகளை மதிப்பிடுவோர் பெரும்பாலும் காலத்தையும் செலவையுமே அளவுகோலாகக் கொள்வர். 1990களில் நாசா நிறுவனமும் விரைவு, சிறப்பு, மலிவு என்பவற்றையே தன் கொள்கையாக வகுத்திருந்தது. இவ்வளவுகோல்கள் வேண்டியனவே, ஆயினும் போதியன அல்ல.

1998 டிசெம்பரில் செவ்வாயை நோக்கி ஏவப்பட்ட காலநிலை ஆய்வுக் கலத்தை எடுத்துக்கொள்வோம். கொலறாடோவில் லொக்கீட் மாட்டின் நிறுவனம் அதனை அமைத்தது. கலிபோர்ணியாவிலிருந்த நாசாவின் ஆய்வுகூடம் அதன் பாதையைக் கணித்தது. கலத்தின் சிறு உந்திகள் தரும் கணத்தாக்கை நியூற்றன் செக்கனிற் குறிக்கவேண்டும் என எழுத்தில் விதிக்கப்பட்டிருந்தும், அமைத்தோரின் மென்பொருள் இறாத்தல் அலகிலேயே குறித்தது. இரு அலகுகளுக்குமிடையே ஏறத்தாழ 4.45 மடங்கு வேறுபாடு உண்டு. 1999 செப்ரெம்பர் 23ஆம் நாள், செவ்வாய்க்கு மேலே 226 கிலோமீற்றர் உயரத்திற் செல்லவேண்டிய கலம் ஏறத்தாழ 57 கிலோமீற்றருக்குத் தாழ்ந்து தொலைந்தது.

அலகைத் தவறவிட்டவரே குற்றவாளி எனக் கூறி அமைதல் எளிது. ஆனால், பாதையைக் கணித்தோர் பயணத்தின்போதே முரண்பாட்டை உணர்ந்திருந்தனர் என விசாரணைக் குழு கண்டது. அவ்வையம் முறைப்படி பதியப்படாமலும் முடிவு காணப்படாமலும் கிடந்தது. சூரியத் தகடு ஒருபுறமாக அமைந்தமையால் உந்திகள் எதிர்பார்த்ததிலும் 10 மடங்குக்கு மேலாக இயக்கப்பட்டன. கலத்தின் இத்தகைய இயல்புகளையும் கணிப்போர் போதியளவு அறிந்திருக்கவில்லை.

ஒவ்வொருவரும் எல்லாவற்றையும் அறியவேண்டுமெனின் தொழிற்பிரிவினையே இயலாது என்பர். உண்மையே. எனினும், தன் பகுதியைச் செவ்வனே செய்தவனும் அது அடுத்தவன் பகுதியோடு பொருந்தும் இடத்துக்குப் பொறுப்பாளியாவான். அவ்விடத்தில் இருவரின் பொறுப்பும் பாதிபாதியாகக் குறைவதில்லை. இருவர்மீதும் முழுமையாகவே நிற்கின்றது.

கண்ட ஐயத்தைக் கூறுதல் தனிமனிதனின் கடமை. கூறிய ஐயத்துக்கு விடை காணும்வரை வேலையைத் தடுத்துநிறுத்த வழியமைத்தல் கூட்டத்தின் கடமை. பின்னையது இல்லாதவிடத்து ஐயத்தைக் கூறுவதற்கே தனித் துணிவு வேண்டியதாகிறது. எல்லாரிடத்தும் அத்துணிவு இருக்குமென நம்பி ஒரு முறையை வகுத்தல் தகாது.

ஆகவே, ஒரு கூட்டு வடிவமைப்பு முறையை மதிப்பிடப் புகுவோர், அதிற் பங்குகொண்ட மிக இளைய ஊழியனின் ஐயம் யாரிடம் சென்றது, என்ன விடை பெற்றது என்பதை முதலில் வினவுதல் வேண்டும். காலமும் செலவும் அதன் பின்னர்க் கணக்கிடப்படலாம்.