அட்டை கேட்காத இரக்கம்

நெய்வேலி பேருந்து நிலையத்தில் ஏர் ஹார்ன் அலறினால், ஆட்டிசம் உள்ள ஒரு குழந்தை காதைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிடக்கூடும். "என்னம்மா இப்படி அடம் பிடிக்குது?" என்பார்கள் பக்கத்தில் நிற்பவர்கள். அது அடம் அல்ல, அச்சம்.

அருகிலுள்ள வடலூரில் வாழ்ந்த வள்ளலார், ‘ஜீவகாருண்ய ஒழுக்க’த்தில் உயிர்களின் துன்பங்களைப் பசி, தாகம், பிணி, இச்சை, எளிமை, பயம், கொலை என்று எண்ணுகிறார். இவற்றில் பசியையும் கொலையையும் நீக்குவதே மேலான காருண்யம். மற்றவை அதற்கு அடுத்த படி. அப்படியானால் பேருந்து நிலையத்து அச்சம் இரண்டாம் தரத் துன்பமா? இங்கே அந்த வரிசை அப்படியே நிற்காது. இரைச்சலுக்குப் பயந்து பேருந்தேற முடியாத இளைஞன் வேலைக்கும் போக முடியாது. அவனுடைய பயம் பசியில்தான் போய் முடியும்.

1867-இல் வள்ளலார் தொடங்கிய தருமசாலையில் பசித்து வந்தவரிடம் யார், எந்தச் சாதி என்று கேட்பதில்லை. நம் பொது வசதிகளோ முதலில் மாற்றுத்திறனாளி அட்டையைக் கேட்கின்றன. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தையும் கற்றல் குறைபாட்டையும் தன் 21 வகைகளில் சேர்த்தது பெரிய முன்னேற்றம். ஆனாலும் சக்கர நாற்காலிப் படம் போட்ட பார்க்கிங்கில் வண்டியை நிறுத்தும் தாய், "பையன் நல்லாத்தானே நடக்குறான்?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். இங்கிலாந்தில் வெளியே தெரியாத குறைபாடுகளுக்கும் நீல பார்க்கிங் அட்டை கிடைக்கத் தொடங்கியதே 2019-இல்தான். பார்க்கிங் இடம் குறைவு. அதற்குச் சான்று கேட்பதில் நியாயம் உண்டு.

ஆனால் அமைதிக்கும் ஒழுங்குக்கும் என்ன சான்று வேண்டும்? 1969-இல் ஓடத் தொடங்கிய மெக்சிகோ நகர மெட்ரோவில், எழுத்தறியாதவர்களையும் எண்ணி, ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு படச் சின்னம் வைத்தார்கள். அதைப் பார்த்து இறங்குபவரிடம் யாரும் அட்டை கேட்பதில்லை. எண்ணிட்ட வட்டங்களாக வகுக்கப்பட்ட நெய்வேலி நகரியத்திலும் அப்படியொரு நல்லது தற்செயலாக அமைந்திருக்கிறது: முன்கூட்டியே தெரிந்த ஒழுங்கு இருந்தால்தான் நிம்மதி என்பவருக்கு அந்த எண்களே பெரிய துணை. காதைக் கிழிக்கும் ஹார்னை மத்திய மோட்டார் வாகன விதி 119 ஏற்கெனவே தடுக்கிறது. அதை அமல்படுத்தினாலே போதும், பாதி அச்சம் குறையும்.

இப்படி அஞ்சும் பிள்ளைகளுக்குக் கடினமான நாள் தைப்பூசம். ஏழு திரை நீக்கி ஜோதி காட்டும் அன்று வடலூருக்குக் கூட்டம் திரளும். பேருந்துகள் பழகிய இடத்தில் நிற்காது. தற்காலிக நிறுத்தங்களைப் படங்களோடு ஒரு வாரம் முன்பே அறிவித்தால், பெற்றோர் பிள்ளைக்கு வீட்டிலேயே திரும்பத் திரும்பக் காட்டிப் பழக்கிவிட்டு, பிறகு கிளம்பலாம்.