இந்த வாவி போதும் உனக்கு!

தம்பி! தங்கச்சி! கல்லடிப் பாலத்தில் நின்று மட்டக்களப்பு வாவியைப் படம் எடுத்தது போதும், இறங்கு! 56 கிலோமீற்றர் நீளத்துக்குத் தண்ணீர் கிடக்கிறது. கச்சானும் சோழகமும் வாடையும் முறைவைத்து வீசுகின்றன. பாய்மரப் படகுப் போட்டிக்குப் பழக வேறென்ன வேண்டும்?

கடல் வேண்டும், பணக்கார வீட்டில் பிறக்க வேண்டும் என்று யார் சொன்னது? நேஹா தாக்கூர், கடலே இல்லாத மத்தியப் பிரதேசத்து விவசாயி ஒருவரின் மகள். போபால் ஏரியில் பழகி, 2023இல் ஆசிய விளையாட்டுப் போட்டியில் வெள்ளிப் பதக்கம் வென்றபோது அவருக்கு வயது 17. நம் தமிழ்ப்பிள்ளை, சென்னை நேத்ரா குமணன், 2021இல் ஒலிம்பிக் பாய்மரப் படகோட்டத்துக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் ஆனார். டோக்கியோவில் கிடைத்தது 35ஆம் இடம். முடங்கிப் போனாரா? 2024இல் பாரிசில் 21ஆம் இடம்! பதக்கம் இல்லைதான். அந்த 14 படிகளை ஏற அவர் பட்ட பாடுதான் எனக்குப் பெரிது.

பிள்ளைகள் தொடங்குவது ஒப்டிமிஸ்ட் என்ற சின்னப் படகில். ஏறத்தாழ 2.3 மீற்றர் நீளம், 35 கிலோ எடை, ஒரே பாய், ஒரே ஆள். பழகத் தொடங்கும்போதே படகை வேண்டுமென்று கவிழ்க்கச் சொல்வார்கள். உயிர்காப்பு அங்கியோடு தண்ணீரில் கிடக்கும் பிள்ளை, படகின் அடியில் நீண்டிருக்கும் பலகையைப் பிடித்துத் தொங்கி, படகை நிமிர்த்தி, ஏறி, தண்ணீரை இறைத்து, மறுபடி பாயை இழுக்க வேண்டும். 2004 ஆழிப்பேரலையில் நாவலடியிலும் கல்லடியிலும் எத்தனை உயிர்களைப் பறிகொடுத்தோம்! தண்ணீர்ப் பக்கமே போகாதே என்று தடுக்கும் அம்மாவின் பயம் நியாயமானது. கவிழ்ந்த படகை நிமிர்த்தத் தெரிந்த பிள்ளைதான் அந்தப் பயத்துக்கு மருந்து.

எதிர்க்காற்றில் நேரே போக எந்தப் பாய்ப்படகாலும் முடியாது. ஏறத்தாழ 45 பாகைக் கோணத்தில் இடமும் வலமுமாகத் திரும்பித் திரும்பித்தான் முன்னேற வேண்டும். எப்போது திரும்புவது? போட்டி தொடங்கிய பிறகு கரையிலிருந்து எவரும் சொல்லித்தரக் கூடாது. பத்து வயதுப் பிள்ளை தானே முடிவெடுக்கிறது! ரியூசன் வகுப்பில் விடையைச் சொல்லிச் சொல்லியே வளர்க்கிறோமே, அந்தப் பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய திறப்பு!

இன்னொன்று என்னை உலுக்குகிறது. ஓட்டத்தின் நடுவே அடுத்த படகின் வழியை மறித்துவிட்டால், எவரும் விரல் நீட்டுமுன் தானாகவே விலகி, இரண்டு சுற்றுச் சுற்றித் தண்டனையை ஏற்க வேண்டும். ஆபத்தில் இருப்பவருக்கு உதவ வேண்டும் என்பதுதான் விதிப்புத்தகத்தின் முதல் விதி. இப்படிப் பழகிய பிள்ளை நாளை அலுவலகத்திலும் தலைநிமிர்ந்து நிற்கும்.

பாய் நமக்குப் புதிதா என்ன? வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல், தமிழ் மாலுமிகளோடு 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தைப் போய்ச் சேர்ந்ததே!

அதிபர்மாரே, வெளிநாட்டில் வாழும் பழைய மாணவர்களே, அடுத்த முறை பாடசாலைக்கு வளைவு கட்டக் காசு சேர்க்குமுன் ஒரு பயிற்றுநரையும் நாலைந்து சின்னப் படகுகளையும் நினைத்துப் பாருங்கள். தம்பி, தங்கச்சி, அவர்கள் தரும்வரை காத்திராதே. முதலில் நீந்தப் பழகு. பிறகு உன் அதிபரிடம் நீயே போய்ப் படகு கேள்.