வீசப்படாத வலை

செய்த பின் வருந்துவது சிறப்பா, செய்யுமுன் தயங்குவது சிறப்பா? வருந்துவோரை உலகம் எளிதில் போற்றுகிறது. தயங்குவோரையோ கையாலாகாதவர் என எண்ணிவிடுகிறது. இம்மதிப்பீடு முறைதானா? வடகடல்கள் இரண்டின் வரலாறு இதற்கு விடை கூறும்.

பேரிங் கடலின் நடுவே, அமெரிக்க, ரஷ்ய எல்லைகளுக்கு அப்பால், எந்நாட்டிற்கும் உரிமையில்லாத ஒரு நீர்ப்பரப்பு உண்டு. 1980-களில் ஜப்பான், தென்கொரியா, போலந்து, சீனா ஆகிய நாடுகளின் பெருங்கப்பல்கள் அங்கே குவிந்தன. 1989-இல் மட்டும் 14 இலட்சம் டன்னுக்கு மேல் பொல்லாக் மீன் வாரப்பட்டது. மூன்றே ஆண்டுகளில் வலைகள் ஏறக்குறைய வெறுமையாயின. 1994-இல் ஒப்பந்தம் பிறந்தது. ஆயினும், அங்கே மீண்டும் மீன்பிடிக்கும் அளவுக்கு அவ்வினம் இன்றளவும் பெருகவில்லை. வருத்தம் வந்தது, மீன் வரவில்லை!

மற்றொன்று, வடதுருவத்தைச் சூழ்ந்த நடு ஆர்க்டிக் கடல். ஏறத்தாழ 28 இலட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பு. அங்கே வணிகத்திற்காக எவரும் வலை வீசியதில்லை. பனி உருகி வழி திறப்பதைக் கண்ட ஒன்பது நாடுகளும் ஐரோப்பிய ஒன்றியமும் 2018-இல் கிரீன்லாந்தின் இலுலிசாட் நகரில் கூடி, அக்கடலின் உயிர்களைப் பற்றிய அறிவு போதுமான அளவு வளரும்வரை அங்கே வணிக மீன்பிடிப்பில்லை என உறுதி பூண்டன. 2021-இல் அது நடைமுறைக்கு வந்தது. பேரிங்கில் வாரிய ஜப்பானும் தென்கொரியாவும் சீனாவும் இதில் ஒப்பமிட்டுள்ளன.

“இல்லாத இலாபத்தைத் துறப்பதில் என்ன தியாகம்?” எனச் சிலர் கேட்கக்கூடும். வினா நியாயமானதே. ஆனால், கப்பல் வாங்கி, கடன்பட்டு, ஆயிரம் குடும்பங்களின் உணவு அதனை நம்பி நின்ற பிறகு “நிறுத்து” என்பது எவ்வளவு கடினம்! அப்போது நீதியின் தராசில் ஆசையும் ஏறி அமர்ந்துவிடும். கை நனையாதபோது எழுதப்படும் சட்டமே நடுநிலையானது. மேலும், “அறியோம், ஆகவே எடுப்போம்” என்றது பேரிங், “அறியோம், ஆகவே பொறுப்போம்” என்கிறது ஆர்க்டிக். அறியாமை ஒன்றே, அதிலிருந்து பெற்ற முடிவுதான் வேறு.

எனினும், இவ்வுறுதிக்குத் தொடக்க ஆயுள் 16 ஆண்டுகளே. பின்னர் ஐந்தைந்து ஆண்டுகளாக நீளலாம். ஒரு தரப்பு மறுத்தாலும் நீளாது. 2037-இல் பனி இன்னும் குறைந்திருந்தால், ஆசைக்கு வழி அகன்றிருக்கும். தியாகம் எங்கே எனக் கேட்டோருக்கு அன்றுதான் விடை கிடைக்கும். எடுக்க இயலாதபோது கொடுத்த வாக்கை, எடுக்க இயலும்போதும் காப்பதன்றோ ஒழுக்கம்!