மூடாத கிணறு

2025 நவம்பரில், ஓசூரை அடுத்த நாகமங்கலம் பகுதியில், பெண் தொழிலாளர் விடுதியொன்றின் குளியலறையில் ஒளித்துவைத்த காமிரா கண்டுபிடிக்கப்பட்டது. பெண்கள் திரண்டு நீதி கேட்டார்கள். அது துஷ்டச் செயல் என்பதில் எவருக்கும் சந்தேகமில்லை. ஆனால் கெட்ட எண்ணம் சிறிதுமின்றி நாமே மாட்டிவைத்த காமிராவால் பிறருக்குத் தீங்கு நேர்ந்தால், குற்றம் யாரைச் சேரும்?

சிப்காட் ஆலைகளுக்கு வேலைக்கு வருவோருக்கு அறைகளை வாடகைக்கு விடும் குடும்பங்கள் நம்மிடையே அநேகம். திருட்டுக்கு அஞ்சி மாடிப்படியில் காமிரா வைக்கிறார்கள். வெளியூரிலிருந்தும் கைப்பேசியில் பார்க்கலாமென்று அதை இணையத்தோடு இணைக்கிறார்கள். அதற்குள் ஒரு சிறு இணையப் பக்கம் உண்டு. அதுவே அதன் வாசல். தயாரிப்பாளர் வைத்த கடவுச்சொல்லை மாற்றாமல் விட்டால், அது ஊரறிந்த சாவி. மாற்றினாலும், அந்தப் பக்கம் பழையதாகி ஓட்டைகள் அடைபடாமலிருந்தால், சாவியின்றியே நுழையலாம். இப்படிப்பட்ட வாசல்களைத் தேடி இயந்திரங்கள் இராப்பகலாய் அலைகின்றன.

குஜராத்தின் ராஜ்கோட் நகரில், மகப்பேறு மருத்துவமனை ஒன்றின் காமிராக் காட்சிகள் களவாடப்பட்டு விலைபோன செய்தி 2025 பிப்ரவரியில் வெளிவந்தது. சிகிச்சைக்கு வந்த பெண்களின் மானம் சந்தைக்குப் போயிற்று. காவலுக்கு வைத்ததே களவுக்கு வழியாயிற்று!

“என் வீட்டில் ஒளிக்க என்ன இருக்கிறது?” என்பார் சிலர். ஐயா, காட்சி உம்முடையதன்று. இரவுப் பணி முடிந்து ஒரு பெண் எந்நேரம் தனியே திரும்புகிறாள் என்பது அதில் தெரிகிறது. உம்மை நம்பியல்லவா அவள் குடியிருக்கிறாள்? பாதையோரக் கிணற்றை மூடாது விட்டவன், “நான் யாரையும் தள்ளவில்லையே” என்று கைகழுவ முடியுமா?

அறியாதவரைக் குறைகூறோம். அறிந்த பின்னும் “நாளைக்குப் பார்ப்போம்” என்பது அறியாமையன்று, அசட்டை.

2025 ஏப்ரல் முதல் நம் நாட்டில் விற்கும் காமிராக்களுக்குப் பாதுகாப்புச் சோதனையை அரசு கட்டாயமாக்கியது. ஆனால் முன்பே சுவரில் ஏறியவற்றை அந்த விதி வந்து திருத்தாது. ஆகவே கடவுச்சொல்லை இன்றே மாற்றுங்கள். மாட்டியவரை அழைத்து, மென்பொருளைப் புதுப்பிக்கச் சொல்லுங்கள். புதுப்பிக்க முடியாத பழையதானால் இணையத்திலிருந்து துண்டியுங்கள். பிறர் கதவையும் சன்னலையும் நோக்கியிருந்தால் திருப்பி வையுங்கள்.

நம் பொருளைக் காப்பது விவேகம். நம்மை நம்பியவரின் மானத்தைக் காப்பது கடமை.